சுழலாத மோட்டாருக்கு ஏன் பரிசில்லை?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். 'கழிவிலிருந்து கலை' என்பது அவ்வாண்டின் தலைப்பு. மேசைகள் மீது வரிசை வரிசையாகப் புட்டிகள் நின்றன. அவற்றின் மேல் பொன்னிறப் பூச்சு, ஜிகினாத் தூள், பாசிமணி, சரிகை நாடா. கூட்டம் அங்கேதான் மொய்த்தது.

ஒரு மூலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். பழைய செப்புக் கம்பி, இரண்டு ஊக்குகள், ஒரு டார்ச் பேட்டரி, உடைந்த ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஆகியவற்றைக் கொண்டு சிறு மோட்டார் ஒன்றைச் செய்திருந்தாள். அது சுழலவில்லை. விரலால் தட்டிவிட்டால் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றது. "காலையிலேர்ந்து பாக்குறேன் சார், சுத்தாம ஏன் ஆடுதுன்னு தெரியல" என்றாள். நடுவர்கள் மூவரும் மதிப்பெண் தாளில் 'இயங்கவில்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்தோம். முதற்பரிசு ஒரு பொன்னிறப் புட்டிக்குப் போயிற்று.

வீடு திரும்பும் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கண்காட்சி முழுவதிலும் நான் கேட்ட ஒரே இயற்பியல் கேள்வி அந்தப் பெண்ணின் கேள்விதான். இயற்பியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அதைக் காதில் வாங்காதவன்போல வந்துவிட்டேன்! அன்று சொல்லத் தவறிய பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

செப்புக் கம்பியைப் பத்துச் சுற்றுகள் சுற்றி வளையமாக்கி, இரு முனைகளையும் எதிரெதிராக நீட்டிவிட வேண்டும். பேட்டரியின் இரு முனைகளிலும் ஊக்குகளை நிறுத்தி, பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். ஊக்குகளின் துளைகளில் கம்பிச் சுருளைத் தொட்டில்போல மாட்டி, சுருளுக்கு அடியில் காந்தத்தை வைக்க வேண்டும். கம்பியின் மேல் மின்கடத்தாப் பூச்சு இருப்பதால், முனைகளைச் சுரண்டினால்தான் மின்னோட்டம் பாயும்.

சுருளில் மின்னோட்டம் பாய்ந்தவுடன் அதுவும் ஒரு காந்தம் ஆகிறது. அதன் ஒரு முகத்தைக் கீழேயுள்ள காந்தம் ஈர்க்கிறது, மறுமுகத்தை விலக்குகிறது. எனவே சுருள் அரைச் சுற்று திரும்புகிறது. அதன் பிறகும் மின்னோட்டம் அதே திசையில் பாய்ந்தால் என்ன ஆகும்? எந்த விசை சுருளைத் திருப்பியதோ, அதே விசை இப்போது அதைப் பின்னோக்கி இழுக்கும். ஆகவே அது ஊஞ்சல்போல ஆடும்; சுழலாது. அந்த மாணவி இரு முனைகளையும் முழுமையாகச் சுரண்டியிருந்தாள்!

தீர்வு எளிது. ஒரு முனையை முழுவதும் சுரண்டலாம். மறுமுனையில், சுருளைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மேற்பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் மின்னோட்டம் அறுபடும். சுருள் தன் நிலைமத்தால் அந்தப் பாதியைக் கடந்து விடும். மீண்டும் மின்னோட்டம் உந்தும். பெரிய மோட்டார்களில் திசைமாற்றி செய்யும் வேலையை இங்கே ஓர் அரைப் பூச்சு செய்துவிடுகிறது. (எச்சரிக்கை: சுருளின் மின்தடை மிகக் குறைவு. நெடுநேரம் இணைத்து வைத்தால் பேட்டரியும் கம்பியும் சூடாகும். சில நொடிகள் ஓட்டியபின் சுருளை எடுத்துவிடுங்கள்.)

பாருங்கள், கடையில் வாங்கிய மோட்டார் இதைக் கற்றுத் தருமா? அது முதல் நொடியிலேயே சுழலும். நம்மை எதுவும் கேட்காது. காயலான் கடைப் பொருளோ எளிதில் இணங்காது. நாம் நினைத்த வேலைக்காக அது செய்யப்பட்டதன்று. அதை இணங்க வைக்க வேண்டுமானால் அதன் இயல்பை அறிய வேண்டும். படைப்புத்திறன் என்பது வண்ணம் பூசுவதன்று, இவ்வாறு இணங்க வைப்பதே என்பது என் கருத்து.

இது புதிய கருத்து அன்று. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகளையும் ஆய்வுக்கூடங்களையும் இழந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ ஒரு சிறு நூலை வெளியிட்டது. கிடைத்த பொருள்களைக் கொண்டே சோதனைகளை நடத்த அது வழிகாட்டியது. 1956-இல் வெளிவந்த யுனெஸ்கோவின் அறிவியல் கற்பித்தல் மூலநூலுக்கு அதுவே வித்து.

நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று அது நர்மதாபுரம்) 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் குப்தா, 1978-இல் தம் தொழிற்சாலைப் பணியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே சென்றார். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ட்யூபின் சிறு துண்டுகளால் இணைத்து அவர் வடிவங்கள் செய்தார். மூன்று குச்சிகளை இணைத்தால் வரும் முக்கோணம் அசையாது. நான்கு குச்சிகளால் ஆன சதுரமோ தொட்டவுடன் சாய்சதுரமாகிவிடும். முக்கோணத்தின் பக்கங்கள் முடிவானால் கோணங்களும் முடிவாகிவிடுகின்றன என்ற வடிவியல் உண்மையை விரல் உணர்கிறது. இரும்புப் பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதும் புரிந்துவிடுகிறது. அத்திட்டம் 2002-இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. ஆனால் குப்தாவின் பொம்மைகள் நிற்கவில்லை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்ப் பிள்ளைகள் நுங்கைத் தின்றுவிட்டு, எறிய வேண்டிய பனங்காய் மட்டைகளை ஒரு குச்சியில் கோத்து வண்டி ஓட்டவில்லையா? துளை நடுவில் அமையாவிட்டால் அந்த வண்டி தள்ளாடும். ஈர்ப்பு மையத்தைப் பற்றிய முதல் பாடம் அதுவே அல்லவா?

இனி, ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் புட்டிகளை அலங்கரிப்பதால் ஊரின் குப்பை குறைந்துவிடாது. சில வேளைகளில் கேடும் விளையும். சுத்தமான பிளாஸ்டிக் புட்டியைப் பழைய பொருள் வியாபாரி வாங்கிக்கொள்வார். அது மறுசுழற்சிக்குப் போய் இழையாகும். வண்ணமும் பசையும் ஜிகினாவும் ஒட்டிய புட்டியையோ மறுசுழற்சி செய்வது கடினம். அது குப்பை மேட்டுக்கே போகும். ஜிகினாத் தூளில் பெரும்பகுதி பொடியாக்கிய பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. பப்பாளி இலைக் காம்பு இருக்க, அந்தக் குழலை நாம் ஏன் தேட வேண்டும்? கழிவைக் குறைக்கும் பாடத்துக்காகப் புதுக் கழிவை விலை கொடுத்து வாங்குவது வேடிக்கை அல்லவா? முதலில் வேண்டியது பொருளைக் குறைவாக வாங்குவது. அடுத்தது, பழுது பார்த்து நீண்ட நாள் பயன்படுத்துவது. புதுப்பொருள் ஆக்குவது அதற்கும் பின்னரே.

ஆகவே, கண்காட்சிகளுக்கு மூன்று விதிகளை நான் முன்மொழிகிறேன்.

முதலாவது, செய்த பொருள் ஒரு வேலையைச் செய்ய வேண்டும்: அளக்க வேண்டும், சுழல வேண்டும், தூக்க வேண்டும், அல்லது விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய ஒன்றுக்கு மாற்றாக வேண்டும்.

இரண்டாவது, வாங்கிய பொருள்களின் பட்டியலை விலையுடன் அருகில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, கண்காட்சி முடிந்தபின் அதைப் பிரித்து, இரும்பு, செம்பு, பிளாஸ்டிக் என்று தனித்தனியே வைக்க முடிய வேண்டும்.

இவற்றுடன், எத்தனை முறை தோற்றது, ஏன் தோற்றது என்று எழுதிய குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண். 'பாதி மதிப்பெண்ணா?' என்று சில ஆசிரியர்கள் வியக்கலாம். விடையை மட்டும் பார்ப்பதா, வழியைப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி. கணக்குத் தாளில் வழிக்கும் மதிப்பெண் உண்டே!

ஒன்றை மறவாதீர்கள். உடைந்த குழல் விளக்கு, மருத்துவமனைக் கழிவு, கசியும் பேட்டரி ஆகியவற்றைத் தொடாதீர்கள். குழல் விளக்கினுள் பாதரசம் உண்டு. பிளாஸ்டிக்கை உருக்கவோ எரிக்கவோ வேண்டாம்.

அந்த மாணவியின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம். இதைப் படிக்கும் உங்களுள் யாரேனும் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மோட்டாரைச் செய்து பாருங்கள். முதலில் இரு முனைகளையும் முழுமையாகச் சுரண்டி அது ஆடுவதைக் காணுங்கள். பிறகு புதுச் சுருள் ஒன்று சுற்றி, ஒரு முனையில் பாதியை மட்டும் சுரண்டுங்கள். சுழன்றால் நன்று. சுழலாவிட்டால் ஏன் என்று ஆராய்ந்து எழுதுங்கள். இம்முறை நான் நகர்ந்துவிட மாட்டேன்.