பேர் மாறிச்சு, பொய் மாறல

மெப்ஸ் கம்பெனி வேலைக்குப் போகும் நம் பெண்கள் தாம்பரம் பெட்டிக்கடையில் வாங்கும் முகக்களிம்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். 1975லிருந்து ‘ஃபேர் அண்ட் லவ்லி’. 2020ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’. வறண்ட தோலை மிருதுவாக்கும், சரி. அதிலுள்ள பி3 வைட்டமின் கருநிறமி மேல்தோலுக்கு ஏறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பூசறத நிறுத்தினா பழைய நிறம்தான். பிறந்த நிறத்தை எந்தக் களிம்பும் மாற்றாது.

ஆம்பளைங்களுக்கு வந்த ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ விளம்பரம் ஏமாற்று என்று 2024 டிசம்பரில் டெல்லி நுகர்வோர் மன்றம் இமாமி கம்பெனிக்கு 14.5 லட்சம் ரூபாய் தண்டம் போட்டது. வழக்கு 2013ல் ஆரம்பித்தது! சரி தோழர்களே, சாதி சாதியாகப் பிரித்து ‘சிவந்த மணமகள் தேவை’ என்று அச்சடிக்கிற பத்திரிகைக்கு யார் தண்டம் போடுவது? கறுப்பைப் பார்த்ததும் சேரியா, காலனியா என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறானே, அவன் கண்ணை நம்பித்தான் இந்தக் களிம்பே விக்குது.