எவ்வளவு கொடுக்கட்டும்?



கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் தியாகதுருகம் சுற்றுவட்டாரத்தில் இடுப்பு வலியைப் பற்றிப் பேசாத திண்ணை இருக்காது. கரும்பைத் தரையோடு ஒட்டித்தான் வெட்ட வேண்டும். ஒரு சாண் விட்டு வெட்டினால் சர்க்கரை நிறைந்த அடிக்கரும்பு வயலிலேயே நின்றுவிடும். அதனால் காலையிலிருந்து குனிந்த முதுகு குனிந்தபடியே. அதற்குப் பிறகு சோகை உரிப்பது, கட்டுக் கட்டுவது, தலைச்சுமையாகப் பலகை ஏறி லாரியில் அடுக்குவது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்கு உருண்டு போகும் ஒவ்வொரு லோடிலும் நாலைந்து பேருடைய தோள்பட்டையும் சேர்ந்தே போகிறது. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களும், சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவர்களும் உண்டு. இவர்களில் பலர் டாக்டரிடம் போவதற்கு முன்னால் தேடிப் போவது சுளுக்கு எடுப்பவரைத்தான்.

அவருக்கு போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று யாராவது கை காட்டுவார்கள். சிலர் அப்பனிடமோ தாத்தாவிடமோ கற்றவர்கள். சிலருக்குக் கால் முன்னே வந்து பிறந்தவர் என்ற ஒரே தகுதி. அப்படிப் பிறந்தவர் நம் முதுகில் மிதித்தால் மூச்சுப்பிடிப்பு விட்டுப்போகும் என்று ஊரே நம்பும். அந்த நம்பிக்கையை இங்கே ஆராயப் போவதில்லை. ஆனால் கையால் நீவி, பிடித்து, இழுத்துவிடும் வேலை நம்பிக்கை மட்டுமல்ல. சித்த மருத்துவம் தன் புற மருத்துவ முறைகள் 32-இல் ஒன்றாக, தொக்கணம் என்ற பெயரில், இதை வைத்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதற்கே ஒன்பது வகை சொல்கிறது.

பெண்கள் பக்கம் வந்தால் இது இன்னும் பெரிய தொழில். பிரசவம் ஆன வீட்டுக்கு விடிந்ததும் வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். தாய்க்கும் இடுப்பில் வெந்நீர் ஊற்றி, எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுவார். குழந்தைக்கு உரம் விழுந்தால் அதை எடுப்பவரும் அவரே. அமெரிக்காவில் டிஃப்பனி ஃபீல்ட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளை நாள்தோறும் தடவி நீவிவிட்டபோது, அப்படிச் செய்யாத குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. அந்தக் குழந்தைகள் ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயின. உலகம் முழுக்க மருத்துவர்கள் அந்த ஆய்வைத் திரும்பிப் பார்த்தார்கள். நம் வீட்டுக்கு வரும் அம்மாவுக்கு என்ன கிடைத்தது? முப்பது நாள் முடிந்ததும் ஒரு புடவை, வெற்றிலை பாக்கு, அதன்மேல் மனம்போல ஒரு தொகை.

நான் இந்தப் பக்கத்தை எழுதுவதற்குக் காரணமே அந்த ‘மனம்போல’தான். “எவ்வளவு கொடுக்கட்டும்?” என்று கேட்டால் “உங்க இஷ்டம்” என்பார். காசு கேட்டு வாங்கினால் கைராசி போய்விடும் என்ற பேச்சு பல ஊர்களில் உண்டு. அதை யார் கிளப்பிவிட்டார்களோ, கொடுக்க வேண்டியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரு மணி நேரம் பிடித்துவிட, போக வர ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுகிறார். பெட்ரோல் அவருடையது, பெரும்பாலும் எண்ணெயும் அவருடையதுதான். கூப்பிட்ட வீட்டில் கதவு பூட்டியிருந்தால் அன்றைய காலை போனதுதான். மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு. சுயமாகத் தொழில் செய்பவருக்குக் காய்ச்சல் வந்தாலும் நஷ்டம், ஆடி வந்தாலும் நஷ்டம். அழைக்கும்போதே தொகை பேசிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் நாளில் முதல் நாளே சொல்லுங்கள். தொழில் செய்பவர்களே, நீங்களும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அடுத்தவர் வலியை எடுக்கும் கைக்கும் வலிக்கும். இந்தத் தொழிலில் முதலில் தேய்வது கட்டைவிரல். விரல் கையோடு சேரும் அடிமூட்டு வலிக்கத் தொடங்கிவிட்டால் பாட்டில் மூடி திறப்பதுகூடக் கஷ்டம். அழுத்தத்தை விரலிலிருந்து எடுத்து முன்கைக்கும் முழங்கைக்கும் மாற்றுவதும், தோளை நேராக வைத்து உடல் எடையைச் சாய்த்துக் கொடுப்பதும்தான் கையைக் காப்பாற்றும். கேரளத்துக் களரிக்காரர்கள் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டிலும் “முதுகுல ஏறி மிதிடா” என்று பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிற தாத்தா அறியாமல் ஒன்றும் செய்யவில்லை. தரையில் குந்தி வேலை செய்பவர்கள் ஒரு பெஞ்சாவது போட்டுக்கொண்டால் இடுப்பு தப்பும்.

தொடக் கூடாத வலிகளும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால், அதுவும் நீண்ட பயணத்துக்கோ படுக்கையில் கிடந்ததற்கோ பிறகு வந்திருந்தால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதை நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. நெஞ்சு இறுகி, இடது கையில் வலி இறங்கி, வேர்த்துக் கொட்டுவதை வாயுப்பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் நிறுத்திவிட வேண்டும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரலாம். நல்ல கைக்காரர் இதையெல்லாம் தெரிந்து “இது என் வேலை இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ” என்பார். அப்படிச் சொல்பவரைத்தான் நான் நம்புவேன். வலிக்கு நல்லது என்று யாராவது மயிலெண்ணெயை நீட்டினாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் காக்கும் பறவை மயில்.

நகரத்தில் இந்தத் தொழிலுக்கு வேறொரு சங்கடம். மசாஜ் என்றாலே சந்தேகக் கண். திருச்சியில் ஸ்பா நடத்திய ஒருவர் தொடுத்த வழக்கில், 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, உள்ளே கேமரா பொருத்தச் சொல்வது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்புதான் அதே உயர் நீதிமன்றத்தின் வேறொரு நீதிபதி கேமரா வைக்க உத்தரவிட்டிருந்தார். நீதிமன்றமே இரண்டு பக்கம் யோசிக்கும் இடத்தில், தனியாகத் தொழில் தொடங்க நினைக்கும் ஒரு பெண் போர்டு மாட்டத் தயங்குவதில் வியப்பில்லை. தென்கொரியாவில் நிலை வேறு. அங்கே மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டுமே. 2006-இல் அந்த ஏற்பாடு செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னபோது அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். நாடாளுமன்றம் மறுபடி சட்டம் இயற்றியது. 2008-இல் அதே நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அது சரியா தவறா என்பதில் எனக்கும் இரண்டு மனம் உண்டு. தொழில் ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால் அதற்காகச் சண்டையாவது போட முடியும் என்பது மட்டும் நிச்சயம்.

நம் ஊரில் தொழில் ஏட்டில் ஏறச் சின்ன வழி ஒன்று உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் 16 முதல் 59 வயது வரை உள்ள, வருமான வரி கட்டாத, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிகள் இலவசமாகச் சேரலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் போதும். உங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஒருநாள் இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் ‘கூலி’ என்று போட்டுவிடாமல், செய்கிற தொழிலையே சொல்லச் சொல்லுங்கள்.

கல்வராயன் மலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் இந்த வேலை செய்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எந்த வலிக்கு யார், என்ன எண்ணெய், என்ன கூலி என்று எழுதினால் போதும். பெயரும் படமும் அவர் சரி என்று சொன்னால் மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்