நோய் எங்கிருந்து வந்தது? வேங்கைவயல் சொல்லும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் குடியிருப்புக் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றனர். குடிநீரில் கோளாறு இருக்கலாம் என்றனர் மருத்துவர்கள். டிசம்பர் 26ஆம் தேதி ஊர்க்காரர்களே மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தனர். தண்ணீரில் மனித மலம் கலந்திருந்தது.

நோயின் மூலத்தைத் தேடுவது இப்படித்தான் தொடங்கும். பாதிக்கப்பட்ட அனைவருக்கும் பொதுவானது எது? விருந்துச் சாப்பாடா, சத்துணவா, குடிநீரா? கடைசியாகச் சாப்பிட்டதே காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. கெட்டுப்போன உணவிலுள்ள சில நச்சுகள் 1 முதல் 6 மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். சால்மோனெல்லா கிருமி என்றால் 3 நாள் வரைகூட ஆகலாம்.

வேங்கைவயலில் 'எதனால்' என்பதற்கு விடை விரைவில் கிடைத்தது. விசாரிக்க வந்த ஆட்சியர் முன் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் விட மறுப்பதும் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால், 'யார்' என்ற கேள்வி இழுத்துக்கொண்டே போனது. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. மரபணு சோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில் வெளியான குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த 3 பேர் மீதே குற்றம் சாட்டியது. மக்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் கட்சிகள் சிபிஐ விசாரணை கோரின.

புகார் கொடுத்தவர்களே குற்றவாளிகளாக நிறுத்தப்படும்போது, அடுத்த ஊரில் புகார் கொடுக்க யார் முன்வருவார்கள்? குடிநீரில் கலப்படம் என்றால் முதலில் மருத்துவமனைக்கு ஓடுவது சேரிக் குழந்தைதான். அந்தக் குடும்பம் வாய் திறக்கப் பயந்தால், நோயின் மூலமும் மறைந்துபோகும்.

ஆகவே, கண்காணிப்பு நோய் வந்த பிறகு தொடங்கக்கூடாது. நம் தெருத் தொட்டியின் மூடி பூட்டியிருக்கிறதா, கழுவிய தேதி எழுதப்பட்டிருக்கிறதா, குழாய் நீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று கிராமசபையில் கேட்கலாம். பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, பேதி வந்தால் யாருக்கு எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டார்கள் என்று மாணவர்கள் ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். மீந்த உணவையும் தண்ணீரையும் கொட்டிவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே சொல்ல வேண்டும். அந்த நோட்டு மருத்துவருக்கு வழிகாட்டும். நாளை நீதிமன்றத்திலும் பேசும்.