மைனஸ் 40-ல் சடையங்குப்பம்

சடையங்குப்பத்தில் மைனஸ் 40 டிகிரி குளிர் என்றால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான். அதுவும் நம் தாத்தாவுக்குத் தாத்தா கம்பளி தேடிய காலத்தில்.

ஆனால் ஒரு டிரெய்லர் லாரியின் கம்ப்யூட்டர் நம்பியது. அதை நம்பி ஒரு ஒர்க்‌ஷாப் இரண்டு சென்சார்களை மாற்றியது. அந்த பில்லை நம்பி முதலாளி டிரைவரின் சம்பளத்தில் கை வைக்கப் பார்த்தார். ஒரு பொய்க்கு இத்தனை விசுவாசிகள்!

சடையங்குப்பம் எங்கே என்று கேட்கும் தென்சென்னைவாசிகளுக்கு: மணலி பக்கம். 2011-ல் மாநகராட்சியோடு சேரும் வரை தனிப் பஞ்சாயத்து. ஒரு பக்கம் ஆறு, கால்வாய். மற்ற பக்கமெல்லாம் கன்டெய்னர். பக்கத்து மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் 1948-ல் ஆரம்பித்த அசோக் லேலண்ட். ஆக டீசலுக்கும் இதுதான் பிறந்த வீடு, லாரிக்கும் இதுதான் பிறந்த வீடு. இரண்டுக்கும் நடுவே தகராறு வந்தால் பஞ்சாயத்து வேறெங்கே நடக்கும்?

* * *

தகராறு இதுதான். இஞ்சினுக்கு வேண்டியது எடைக்கணக்கில் டீசல். இஞ்செக்டர் அளப்பதோ படிக்கணக்கில். டீசல் சூடானால் விரியும்; ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.08 சதவிகிதம். அற்பம் என்று தோன்றும். 15 டிகிரியில் இருந்த டீசல் 65-க்குப் போனால் கணக்கு 4 சதவிகிதம். அதாவது அதே படி, சரக்கு மட்டும் குறைச்சல். (ரேஷன் கடை அனுபவம் உள்ளவர்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை.)

பெட்ரோல் பங்க்கில் டென்சிட்டியை 15 டிகிரிக்கு மாற்றி எழுதி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். லாரியில் அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்கிறது. அதற்கு டீசலின் சூடு தெரிய வேண்டும். சொல்வதற்கு ஃபில்டர் பக்கத்திலோ, பம்ப்பிலோ சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சென்சார்.

இன்னொரு காரியமும் அதற்கு உண்டு. டீசல் ரொம்பச் சூடானால் நீர்த்துப் போகும். பம்ப்புக்கும் இஞ்செக்டருக்கும் எண்ணெய்ப் பசை கொடுப்பதே டீசல்தான். ஆகவே சூடு எல்லை மீறினால், பல இஞ்சின்களில் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, லாரி ‘இருப்பா, வரேன்’ என்று சொல்லும்.

2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுக்க வந்தது. 2020 ஏப்ரலில் 6. லாரிக்குள் சென்சார்கள் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி பெருகிவிட்டன. எல்லோரும் ஏதாவது புகார் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எது நிஜம் என்று பார்ப்பதுதான் வேலை.

* * *

ஒரு யார்டில் கணக்கு பார்க்கும் நண்பனைத் தேடிப் போனபோதுதான் அந்த டிரெய்லரைப் பார்த்தேன். டிரைவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முகத்தில் மூன்று நாள் தாடி, மூன்று நாள் கவலை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. பாலம் ஏறினால் வண்டி முனகுகிறது. இரண்டு டிரிப் போச்சு. டிரிப் போனால் பேட்டா போச்சு. ஊரில் பெண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய மாதம்.

“ரெண்டு தடவ சென்சார் மாத்தியாச்சுண்ணே. மாத்தினா ரெண்டு நாள் நல்லா ஓடுது. மறுபடி லைட்டு எரியுது. நான்தான் லைன்ல நிக்கச் சோம்பேறிப்பட்டு பிளக்கைப் புடுங்கி விடுறேன்னு மொதலாளி சொல்றாரு. சென்சார் காசை சம்பளத்துல புடிப்பாராம்.”

யார்டு ஓரத்து ஷெட்டிலிருந்து மெக்கானிக் வந்தார். எல்லோரும் ‘பாய்’ என்றார்கள். நானும் பாய் என்றேன். கையில் ஸ்கேனர், ஒரு மல்ட்டிமீட்டர், காதில் பீடி. ஸ்கேனர் ‘174 - 3’ என்றது. 174 என்றால் டீசல் வெப்பம். எல்லாக் கம்பெனி லாரிகளும் பேசும் பொது பாஷையில் அதற்கு அதுதான் நம்பர். 3 என்றால் ‘வோல்ட்டேஜ் அளவுக்கு மேலே’. 4 என்றால் ‘அளவுக்குக் கீழே’. 0 என்றால் சென்சார் யோக்கியன், டீசல் நிஜமாகவே கொதிக்கிறது என்று அர்த்தம். அப்போது டேங்கில் டீசல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இஞ்சினிலிருந்து சூடாகித் திரும்பும் டீசல் மறுபடி டேங்குக்குத்தான் வருகிறது. டேங்க் காலியாக இருந்தால் சீக்கிரம் சுடும். துறைமுக வாசலில் இஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு இது தெரிந்த வியாதி.

“மூணுன்றான். சென்சார் பேர சொல்றான். ஆனா சென்சார்தான் செஞ்சுதுன்னு சொல்லல, நல்லா பாத்துக்க நைனா” என்றார் பாய். புகார் கொடுத்தவனைப் பிடித்து உள்ளே போடுவது போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் நடப்பதில்லை போலிருக்கிறது.

வண்டி ராத்திரி முழுக்க நின்றது. அதனால் காலையில் எல்லா சூடும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சாவியை மட்டும் திருப்பினார். கூலன்ட் 30. உள்ளே போகும் காற்று 31. டீசல் மைனஸ் 40. ஒரே அறையில் படுத்து எழுந்த மூன்று பேரில் ஒருவன் மட்டும் சைபீரியாவில் இருந்ததாகச் சொல்கிறான்!

(சில இஞ்சின்களில் கம்ப்யூட்டர் இந்தப் பொய்யை மறைத்து, தானே ஒரு கற்பனை வெப்பத்தைக் காட்டும். அதையும் நம்பக் கூடாது.)

மைனஸ் 40 ஏன்? கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் சூடாக ஆகத் தன் தடையைக் குறைத்து அந்த வோல்ட்டேஜை இழுக்கும். குளிர்ந்தால் விட்டுவிடும். வயர் அறுந்தால்? இழுக்க ஆளில்லை, முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் ‘ஐயோ, என்ன குளிர்!’ என்று பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். வயர் இரண்டும் ஒட்டிக்கொண்டால் நேர் எதிர். கொதிக்கிறது என்று கத்தும்.

நான் படித்தது பி.காம். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. இது பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்! நம் புத்தகத்தில் ஒரு பாலன்ஸ், பேங்க் பாஸ்புக்கில் ஒரு பாலன்ஸ். வித்தியாசம் வந்தால் கேஷியரை டிஸ்மிஸ் செய்வதில்லை. எந்தச் செக் வழியில் மாட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறோம்.

பாய் டிக் அடித்தார். முதலில் கனெக்டரைக் கழற்றி, சென்சாரைத் தனியாக மீட்டரில் வைத்தார். 1.7 கிலோ ஓம்ஸ். அந்த ரகத்துக்கு 20 டிகிரியில் சுமார் 2.5, 30 டிகிரியில் 1.7 இருக்க வேண்டும். டிக். சென்சார் விடுதலை.

அடுத்து, கனெக்டரின் வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தார். வயர் நல்லதாக இருந்தால் ஸ்கேனர் மைனஸிலிருந்து உச்சத்துக்குத் துள்ள வேண்டும். (மேனுவல் அனுமதிக்கும் இஞ்சினில், அந்த இரண்டு முனைக்கு மட்டுமே இந்த வித்தை. மற்ற முனைகளில் விளையாடினால் கம்ப்யூட்டருக்கே பால் ஊற்ற வேண்டியதுதான்.) துள்ளவில்லை. மைனஸ் 40-லேயே உட்கார்ந்திருந்தது.

“இப்ப பாரு” என்று வயரிங் கட்டைப் பிடித்து அங்குலம் அங்குலமாக ஆட்டினார். சேஸிஸ் கிளாம்ப் பக்கத்தில் கை போனதும் ஸ்கேனர் துள்ளியது. விட்டதும் விழுந்தது. மறுபடி ஆட்டினார், துள்ளியது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பசேல் என்று களிம்பு பிடித்துக் கிடந்தது. கடலோர உப்புக் காற்று, கிளாம்ப்பில் உரசல், போதாததற்கு மழைக்காலத்தில் இந்தப் பக்கம் தேங்கும் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெயே கலந்து ஓடிய பூமி இது. ஒரு வயர் எத்தனை நாள் தாங்கும்?

அப்படியானால் சென்சார் மாற்றியதும் இரண்டு நாள் ஓடியதே, அது எப்படி? மாற்றும்போது வயரை இழுத்து அசைத்திருக்கிறார்கள். அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டன. விளக்கு அணைந்தது. புது சென்சார் பேர் வாங்கிக்கொண்டது. தீபாவளி மாதத்தில் வந்து சேர்ந்த சேல்ஸ் மானேஜர் மாதிரி.

களிம்பு இல்லாத செம்பு வரும் வரை வெட்டி, புது வயர் ஒரு முழம் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, கிளாம்ப்பில் உரசாமல் தள்ளிக் கட்டினார். சாவியைத் திருப்பினார். 30, 31, 31. சடையங்குப்பத்துக்குக் கோடை திரும்பியது.

டிரைவர் சிரிக்கவில்லை. “மொதலாளிட்ட யாருண்ணே சொல்லுவா?” என்றார். நியாயமான கேள்வி. வண்டி சரியாகிவிட்டது, ஆள் மேல் இருக்கும் எரர் கோடை யார் அழிப்பது?

நண்பனின் வவுச்சர் புக்கை வாங்கினேன். பி.காம்.காரனுக்கு உலகமே ‘பீயிங்’ என்றுதான் ஆரம்பிக்கும். பீயிங் வயரிங் ரிப்பேர் சார்ஜ். கீழே பாய் சொன்ன அளவுகளை எழுதினேன்: சென்சார் 1.7 கிலோ ஓம்ஸ், நல்ல நிலை. வயர் கிளாம்ப் அருகில் களிம்பால் துண்டிப்பு. பிளக் கழற்றப்படவில்லை. டிரைவர் பொறுப்பல்ல. பாய் கையெழுத்துப் போட்டார். அறுந்த வயரையும் அதிலேயே பின் அடித்தோம். வவுச்சரோடு சாட்சியையும் ஃபைல் பண்ணிய ஒரே கணக்கன் நானாகத்தான் இருப்பேன். போனில் முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி, பிடிக்கல. வண்டிய எடுக்கச் சொல்லு” என்றார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. ஃபீஸுக்கு மன்னிப்பு தேவையில்லை. சம்பளம் முழுசாக வந்தால் போதும்.

* * *

லாரி வைத்திருக்கும் மாமா, சித்தப்பா உள்ளவர்கள் இதைக் கத்தரித்துக் கொடுங்கள். கோடு நம்பரோடு அதன் வாலையும் படியுங்கள். 0, 3, 4 மூன்றும் மூன்று கதை. காலையில் குளிர்ந்த இஞ்சினில் மூன்று வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். செலவு, சாவி திருப்பும் செலவுதான். ‘சென்சார் போச்சு’ என்று யாராவது சொன்னால் பர்ஸை எடுக்குமுன், ‘ஓம்ஸ் எவ்வளவு காட்டுச்சு?’ என்று கேளுங்கள். பதிலுக்கு நம்பர் வந்தால் உட்காருங்கள், டீ சொல்லுங்கள். ‘அனுபவத்துல சொல்றேன் சார்’ என்று வந்தால், டீயை அடுத்த ஷெட்டில் சாப்பிடலாம்.