கையிலிருக்கும் கோரை

“படிப்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” மாணவர்களாகிய நாம் நாளும் சொல்லும் சொல் இது. பள்ளியில் இருந்தபோது கல்லூரிக்கு ஏங்கினோம். கல்லூரிக்கு வந்தபின் பட்டத்திற்கு ஏங்குகிறோம். பட்டம் பெற்ற அண்ணன்மார்களோ தேர்வாணைய அறிவிப்பை எதிர்பார்த்து நூலகத்தில் காத்திருக்கிறார்கள். இன்று என்ற ஒரு நாளை நாம் வாழ்வது எப்போது?

நானும் இதற்கு விலக்கல்லன். முதலாண்டில் உடல் வகுப்பில் இருக்கும். உள்ளம் வேலை, சம்பளம் என்று ஊர் சுற்றும். விளைவு, இரண்டு தாள்களில் தோல்வி. அந்த விடுமுறையில் வகுப்புத் தோழன் ஒருவன் அழைக்க, அவன் ஊரான பத்தமடைக்குச் சென்றேன்.

அம்பாசமுத்திரம் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னே உள்ளது பத்தமடை. கன்னடியன் கால்வாய் பாயும் அவ்வூரின் கோரைப்பாய் உலகறிந்தது. இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் அனுப்பப்பட்டது என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இப்பெருமையெல்லாம் எளிதில் வந்ததன்று. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, மீண்டும் உலர்த்திச் சாயமேற்ற வேண்டும். 100, 120 என்று ‘கவுண்டு’ கணக்கில் சொல்லப்படும் பட்டுப்பாய்க்கு அதே கோரையை இழை இழையாக மெலிதாக்க வேண்டும். அத்தகைய பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

தோழனின் தாயார் பாவின்முன் அமர்ந்திருந்தார். ஓர் இழையை நுழைப்பார்; அச்சால் நெருக்குவார்; அடுத்த இழையை எடுப்பார். ஒரு மணி நேரம் பார்த்தும் பாய் நாலு விரற்கடைகூட வளரவில்லை. பொறுக்கமாட்டாமல், “எப்பம்மா முடியும்?” என்று கேட்டேன்.

“முடியுறதையே நெனச்சா பாய் கோணிரும்யா. கையில இருக்க கோரையப் பாத்தாப் போதும்” என்றார்.

நான் வியந்து, “வேலையை ரசித்துச் செய்கிறீர்களே, கொடுத்து வைத்தவர் நீங்கள்” என்றேன். அவர் சிரித்தார். “ரசிச்சா அரிசி வருமாய்யா? இந்தக் கூலிக்கு எம்மவன் பாய் நெய்ய வரவேண்டாம்னுதான் படிக்க அனுப்புதேன். ஆனா, இதுல உக்காந்தா மனசு அங்கயும் இங்கயும் ஓடாது. அது ஒரு நிம்மதிதான்.”

அவர் சொன்ன இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அறமாகாது. ‘உழைப்பில் இன்பம் காண்க’ என்று மேடையில் முழங்குவோர் பலர். அரைக்கூலி கொடுப்பவர் அதைச் சொன்னால் அது அறிவுரையன்று, ஏமாற்று. நூறு ரூபாய் பிளாஸ்டிக் பாயோடு ஒப்பிட்டு நெசவாளியிடம் பேரம் பேசும் நாமும் அக்குற்றத்தில் பங்குடையோரே. உழைப்பின் இன்பம் உழைப்பவருக்கே உரியது. அதைக் காட்டி ஊதியத்தைக் குறைக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், நம் நிலை என்ன? நமக்கு நூலும் நேரமும் ஆசிரியரும் கிடைத்திருக்கின்றன. அந்தத் தாய் கூலிக்குச் செய்யும் வேலையில் வைக்கும் கவனத்தை, நம் எதிர்காலத்திற்கான படிப்பில் நாம் வைக்கிறோமா? எதிர்காலத்தை எண்ணவே கூடாது என்று நான் கூறவில்லை. கார் சாகுபடியின்போதே பிசானத்திற்குத் திட்டமிடும் உழவர்களின் மண் இது. ஆயினும், காருக்கு நாற்று நடும் நேரத்தில் அவர்கள் கை அந்த நாற்றில்தானே இருக்கிறது?

ஊர் திரும்பியபின் மதிப்பெண்ணை மறந்து, நாளுக்கு ஒரு பாடம் என்று படித்தேன். வெறுத்த பாடத்தில் வியக்கத்தக்க செய்திகள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு தாள்களில் ஒன்றில் தேறினேன். மற்றொன்று இன்னும் மீதம் இருக்கிறது. ஆனால், அதை எண்ணி இப்போது உறக்கம் கெடுவதில்லை.

நண்பர்களே! நாளைய பாய் இன்றைய இழைகளால்தான் ஆனது. கையிலிருக்கும் கோரையைப் பார்ப்போம். அதே சமயம், அக்கோரையை நெய்யும் கைகளுக்கு உரிய விலையையும் மறவாது கொடுப்போம்.