விண்ணைக் காட்டும் அறம்

பசித்தார்க்குச் சோறிடுதல் அறம். அறிவு வேண்டினார்க்கு அறிவீதலும் அறமே. வானத்தைக் காட்டுதலும் அவ்வறத்தின்பாற்பட்டது என்பது எமது துணிபு.

அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கிரிபித் பூங்காவில், 1935-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வானாய்வுக்கூடம் ஒன்றுண்டு. அதன் முன்றிலிலே, மாதந்தோறும் ஓரிரவு, வானூலிற் பற்றுடைய அன்பர் குழாத்தினர் தத்தம் தொலைநோக்கிகளை நிறுவி, வருவார்க்கெல்லாம் கட்டணமின்றி நிலவின் பள்ளங்களையும் விண்ணிலுலவுங் கோள்களையும் காட்டுகின்றனர். இத்தகைய தொண்டிற்கு வழிகாட்டியவருள் ஒருவர் ஜான் டாப்சன் (1915–2014). சான் பிரான்சிஸ்கோ நகரத்து வேதாந்த மடமொன்றில் துறவியாயிருந்த அவர், கப்பற் சாளரத்தின் பழங்கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயும் பலகையுங் கொண்டு தொலைநோக்கி சமைத்தார். 1967-இல் மடத்தினின்று நீங்கியபின், அதனைத் தெருவோரத்தில் நிறுத்தி வழிப்போக்கரை அழைத்தார். தாம் கண்ட அமைப்பிற்குத் தனியுரிமை கொள்ளாது உலகிற்கே விட்டார்.

ஒரு நிமிடப் பார்வை வேடிக்கையேயன்றிக் கல்வியாகுமோ எனச் சிலர் வினவுவர். அஃது முற்றிய கல்வியன்று என்பது மெய்யே; ஆயினும் அகரங் கல்லாது காப்பியங் கற்றார் யாருளர்? சனியின் வளையத்தைப் படத்திற் கண்டவன் பிறர் சொல்லை நம்புகின்றான். தொலைநோக்கி வழியே கண்டவனோ தானே அதற்குச் சான்றாகின்றான். மேலும், பெருநகரின் விளக்கொளியிற் சிறுமீன்கள் மறையினும் நிலவும் வியாழனும் சனியும் மறைவதில்லை. ஆதலின் நகரத்தார்க்கும் இவ்விருந்து எட்டாததன்று.

கருவி சிலர்க்கே உரியதாயினும் வானம் அனைவர்க்கும் பொது. எனவே, தொலைநோக்கி பெற்றார் அதனைப் பேழையுட் பூட்டிவைத்தல் தகாது. வரிசையின் கடையில் நிற்குஞ் சிறுவனுங் காணுமளவும் விழித்திருத்தல் அவர்தங் கடனாகும்.