மஞ்சக் கடுதாசி கொடுக்க நாடு மாறிய ஐரிஷ்காரர்கள்! 12 வருட தண்டனை ஒரே வருடமான கதை

கடனைக் கட்ட முடியாம ஒருத்தர் நொடிச்சுப்போனா, 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்'னு நம்ம ஊர்ல சொல்வாங்க. அந்த மஞ்சக் கடுதாசியைக் கொடுக்கறதுக்காகவே பெட்டி படுக்கையோட வேற நாட்டுக்குக் குடிபோனவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அயர்லாந்தில் அது நிஜமாகவே நடந்தது. 'திவால் டூரிஸம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஏன் ஓடினாங்க?

2008-ல் அயர்லாந்தின் ரியல் எஸ்டேட் பலூன் வெடித்தது. அடுத்த சில வருடங்களில் வீட்டு விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 4 லட்சம் யூரோ கடன் வாங்கி வீடு வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை போச்சு, தவணை நின்னுபோச்சு. பேங்க் வீட்டை எடுத்து 2 லட்சத்துக்கு விற்கிறது. வீடும் போய், மிச்சம் 2 லட்சம் கடன் மட்டும் தலைமேல் நிற்கும்.

சரி, திவால்னு அறிவிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கலாமே? அங்கேதான் சிக்கல். அன்றைய ஐரிஷ் சட்டப்படி திவாலானவர் அதிலிருந்து விடுபட பொதுவாக 12 வருடங்கள் ஆகும். 40 வயதில் நொடிச்சா, நிமிர்றதுக்குள்ள 52. ஆனால், பக்கத்திலிருக்கும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 முதல் ஒரே வருடம்தான். ஐரிஷ் எல்லையை ஒட்டியே இருக்கும் வடக்கு அயர்லாந்திலும் அதே கதை.

விலாசம் மாறினா போதுமா?

போதாது பாஸ். 2002-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய யூனியன் விதிப்படி, ஒருவருடைய வாழ்க்கையும் வரவு செலவும் உண்மையில் எந்த நாட்டை மையமாக வைத்து நடக்கிறதோ, அங்கேதான் திவால் மனு போட முடியும். அதனால் வாடகை வீடு, வேலை, பேங்க் கணக்கு, கரன்ட் பில் என்று எல்லாமே அங்கே இருப்பதைக் காட்ட வேண்டும். கடன் கொடுத்தவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அயர்லாந்தின் முன்னாள் விவசாய அமைச்சர் ஐவன் யேட்ஸ் இப்படித்தான் வேல்ஸில் உள்ள ஸ்வான்சிக்குக் குடிபோனார். அவருடைய பந்தயக் கடைகள் நொடித்திருந்தன. 2012-ல் அங்கே திவாலாகி, ஒரு வருடத்தில் வெளியே வந்தார்.

எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. ஒருகாலத்தில் அயர்லாந்தின் பெரும் பணக்காரரான ஷான் க்வின், 2011 நவம்பரில் வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் திவாலானார். 'என் தொழில் ஆரம்பித்ததே இந்தப் பக்கம்தான்' என்பது அவர் வாதம். அவருக்குக் கடன் கொடுத்த வங்கி விடவில்லை. அவர் குடியிருந்த வீடு எல்லைக்குத் தெற்கே, அயர்லாந்தின் கேவன் பகுதியில் இருந்தது. இரண்டே மாதத்தில் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் அந்தத் திவாலை ரத்து செய்தது. 2012 ஜனவரியிலேயே டப்ளினில், 12 வருடச் சட்டத்தின் கீழ் மறுபடியும் திவாலானார்.

இது ஏமாத்து வேலை இல்லையா?

சொத்தை ஒளித்துவிட்டு ஓடினால் ஏமாற்றுதான். ஆனால் ஒரு வருடத் திவால் என்பது இலவச மன்னிப்பு இல்லை. வீடு, சேமிப்பு எல்லாம் கடன்காரர்களுக்குப் போகும். கையில் மிஞ்சுகிற வருமானம் இருந்தால், அதில் ஒரு பங்கை 3 வருடம் வரை கட்டச் சொல்லலாம். அந்த ஒரு வருடத்தில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கம்பெனி டைரக்டராகவும் இருக்க முடியாது.

உண்மையான அநியாயம் வேற இடத்துல இருக்கு. வேறு நாட்டில் வாடகை கொடுத்து, வக்கீல் வைத்து, மாதக்கணக்கில் தங்கக் காசு வேண்டும். ஸ்கூல் போற பிள்ளைங்க, படுத்த படுக்கையா இருக்கற அம்மா, உள்ளூர்ல ஒரு சின்ன வேலைன்னு இருக்கறவர் எங்கே கிளம்பறது? அவருக்கு 12 வருடம். கிளம்ப முடிந்தவருக்கு 1 வருடம். அதாவது கடனிலிருந்து மீள்வதற்கும் கையில் காசு இருக்கணும்!

சட்டமே மாறிப்போச்சு

சொந்த மக்களே பக்கத்து நாட்டு நீதிமன்ற வாசலில் நிற்பதை எந்த அரசாங்கம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? 2013 டிசம்பரில் அயர்லாந்து 12 வருடத்தை 3 ஆக்கியது. 2016 ஜனவரியில் அதையும் 1 ஆக்கியது. இதே காரணத்துக்காக ஜெர்மனியிலிருந்தும் பலர் இங்கிலாந்துக்குப் போனார்கள். அங்கே 6 வருடமாக இருந்த காலம், 2020-ல் 3 வருடமானது. 2020 முடிவோடு பிரிட்டனுக்கு ஐரோப்பிய விதி பொருந்தாமல் போனதால், அந்தப் பாதையும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

இன்றைக்கு ஓர் ஐரிஷ்காரர் மஞ்சக் கடுதாசி கொடுக்க ஸ்வான்சிக்கு டிக்கெட் போட வேண்டியதில்லை. அந்த ஒரு வருடம் டப்ளினிலேயே கிடைக்கிறது, படுத்த படுக்கையா இருக்கற அம்மாவை விட்டுக் கிளம்ப முடியாதவருக்கும் சேர்த்து.